ஏரிக்கரைக் காம்ப்: வைகாசியில் திறப்பு, ஐப்பசியில் பூட்டு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடபகுதியில் ஏரிக்கரையில் மரவீடு வாங்கிய பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

மகள் சட்பரிக்கு அங்காலை ஒரு ‘காம்ப்’ வாங்கியிருக்கிறாவாம். எங்களுக்கு காம்ப் எண்டால் ஆமிக் காம்பும் அகதி முகாமும்தான். இதென்ன காம்ப்?
— வாசகி, கோண்டாவில்

பயப்படாதீர்கள், முட்கம்பி கிடையாது. ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சின்ன வீடு. ரொறன்ரோப் பக்கத்தார் ‘கொட்டேஜ்’ என்பதை வடக்கு ஒன்ராறியோக்காரர் ‘காம்ப்’ என்கிறார்கள். சட்பரி ரொறன்ரோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர்; யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். சட்பரி மாநகர எல்லைக்குள் மட்டும் 330 ஏரிகள்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கிட்டிய உறவு மீன்பிடிகாரரின் வாடி. காற்று மாறும்போது போடுவது, காற்று மாறும்போது கழற்றுவது. காம்புக்குக் காற்றல்ல, ஐஸ்தான் கணக்கு. சித்திரைக் கடைசியிலோ வைகாசி முற்பகுதியிலோ ஏரியின் ஐஸ் உடைந்து போகும். கார்த்திகை, மார்கழியில் திரும்ப மூடும். வீட்டுக்குள் தண்ணீர் ஓடுவது இடையில் உள்ள ஐந்து மாதம்தான். திறப்பது பெரும்பாலும் மே 25க்கு முந்திய திங்களோடு வரும் நீண்ட வார இறுதியில். பூட்டுவது ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் வரும் நன்றி நாளையொட்டி. மகள் இந்த இரண்டு நாட்களுக்கும் உங்களை அழைத்தால் விருந்துக்கென்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு.

மருமகன் வைகாசியிலை காம்ப் திறக்கப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போறாராம். தோட்டத்துக்கு மெசின் வைச்சு இறைச்ச ஆள் நான். அங்கை தண்ணி எடுக்கிறதிலை என்ன வித்தியாசம்?
— வாசகர், சாவகச்சேரி

மெசின் வைத்து இறைத்தவருக்குப் பாதி வேலை தெரியும். மற்றப் பாதி, எதற்கு முன் எதைத் தொடக்கூடாது என்பது.

போனவுடன் மெயினைப் போடலாம். ஆனால் பம்பின் பிரேக்கரும் சுடுதண்ணித் தாங்கியின் பிரேக்கரும் விழுந்தபடியே இருக்கட்டும். தாங்கிக்குள் தண்ணீர் இல்லாமல் கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பி ஒரு நிமிடமும் தாங்காது. காம்ப் திறக்கிற நாளில் நடக்கிற நட்டங்களில் இதுதான் மிகச் சாதாரணமானது.

பிறகு ஏரிப் பக்கம். தண்ணீர் கறுப்புப் பொலித்தீன் குழாயில் வரும். நுனியில் வடிகட்டியோடு ஃபுட்வால்வு, அதாவது உறிஞ்சின தண்ணீர் திரும்ப ஏரிக்கு இறங்காமல் பிடிக்கும் வால்வு. இறக்குமுன் வால்வை நிமிர்த்திப் பிடித்து மேலால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டினால் மணலோ பாசியோ சிக்கியிருக்கிறது. அதை ஒரு கொங்கிறீற் கல்லில் கட்டி, ஏரியின் அடியிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் நிற்கும்படி விடவேண்டும். அடியில் கிடந்தால் சேற்றை உறிஞ்சும், மேலே நின்றால் பாசியையும் போட்டின் விசிறியையும் சந்திக்கும். இதற்காக ஏரிக்குள் இடுப்பளவு இறங்க வேண்டாம். அந்த மாதத்துத் தண்ணீர் ஐஸ் உருகின தண்ணீர்; ஐந்து நிமிடத்தில் விரல் சொல்வழி கேட்காது. போட்டிலிருந்தோ இறங்குதுறையிலிருந்தோ விடுங்கள், உயிர்காப்பு அங்கியோடு.

பம்பில் தண்ணீர் வடிக்கவென்று ஐப்பசியில் கழற்றிய பிளக்குகள் ஒரு பையில் போட்டு பம்பிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருமகனோடு கோபிக்க இதுதான் தருணம், கிட்டிய கடை எத்தனை மைலோ தெரியாது. புரியில் வெள்ளை ரேப் மூன்று நான்கு சுற்று, இறுக்கும் திசையிலேயே. மாறிச் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

இனி உங்களுக்குப் பழகின வேலை. பம்பின் தலைப் பிளக்கைத் திறந்து தண்ணீர் வாருங்கள். ஓரங்குலக் குழாய் மீற்றருக்கு அரை லீற்றர் பிடிக்கும். ஏரி மட்டத்துக்குக் கீழே உள்ளது தானாக நிறைந்துவிடும், மேலே உள்ள நீளத்துக்கு மட்டும் கணக்குப் பாருங்கள்: 20 மீற்றர் என்றால் 10 லீற்றர், அதோடு பம்புக்குள் போவது. வார்த்த தண்ணீர் விளிம்பில் ஐந்து நிமிடம் இறங்காமல் நிற்கவேண்டும். நின்றால் பிளக்கைப் பூட்டி, வீட்டுக்குள் ஒரு பைப்பைச் சற்றே திறந்துவிட்டு பம்பைப் போடுங்கள். சில நிமிடத்தில் அழுத்தமானியின் முள் ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். தண்ணியில்லாமல் ஓடவிட்டால் சீல் எரியும், உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் சுழலி இளகும்.

ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் காற்று. உறிஞ்சும் பக்கத்து மூட்டில் தண்ணீர் வெளியே சொட்டாது. ஆனால் அதே ஓட்டையால் காற்று உள்ளே போகும். பார்த்தால் காய்ந்த, நல்ல மூட்டுப்போல இருக்கும், அதுதான் ஆளை அலைக்கழிப்பது. கிளிப்பைக் கழற்றி, குழாயின் நுனியில் ஓரங்குலம் வெட்டி, இரண்டு கிளிப் போட்டு இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் உயரத்தைப் பாருங்கள். பம்புக்கும் ஏரி மட்டத்துக்கும் நடுவே நிலைக்குத்து உயரம் 7 மீற்றருக்குள் இருக்கவேண்டும். ஊரில் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

தோட்டத்தில் இல்லாத ஒன்று, அழுத்தத் தாங்கி. உள்ளே ஒரு றப்பர்ப் பை, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். தாங்கி வெறுமையாக இருக்கும்போது ரயர் அளக்கும் மானியால் காற்றைப் பாருங்கள். பம்ப் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி 50இல் நிற்பதென்றால் காற்று 28 இருக்கவேண்டும், தொடங்கும் அளவிலிருந்து இரண்டு குறைவாக. காற்று இறங்கியிருந்தால் ஒரு கோப்பை கழுவுவதற்குள் பம்ப் பத்துத் தரம் ‘டக், டக்’ என்று தொடங்கி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் பம்பைக் குறைசொல்லாதீர்கள், சைக்கிள் பம்பைத் தேடுங்கள்.

அதன்பின் குளிர்தண்ணிப் பைப்புகள் ஒவ்வொன்றாக, துப்பித் துப்பி வருவது நிற்கும்வரை. பிறகு சுடுதண்ணிப் பைப். அதிலும் இடைவிடாமல் ஓடத் தொடங்கினால்தான் தாங்கி நிறைந்ததென்று அர்த்தம். அப்போதுதான் அதன் பிரேக்கர். கடைசியாக ரோச் லைற்றோடு தரைக்குக் கீழே குனிந்து ஒரு சுற்று. மாரியில் வெடித்த குழாய் முழங்கைகள் தங்களைக் காட்டிக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

ஏரிக்குள்ளை முதலை இருக்கோ? தண்ணியைக் குடிக்கலாமோ?
— வாசகி, காரைநகர்

முதலை இல்லை. அட்டை உண்டு.

தண்ணீர் பளிங்குபோல இருக்கும், உவர்க்கிணற்றுக்காரருக்கு அமிர்தம்போலவும் இருக்கும். அப்படியே குடிக்கவேண்டாம். பீவர் முதலிய விலங்குகளின் கழிவால் வரும் ஜியார்டியா என்ற கிருமி வாரக்கணக்கில் வயிற்றோட்டம் தரும். அங்கே அதற்குப் பெயரே ‘பீவர் காய்ச்சல்’. கொதி எழும்பி முழுதாக ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் ஆவணியில் கரையோரம் பச்சைப் பெயின்ற் கொட்டினாற்போலப் படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதன் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. அன்று குளிக்கவும் வேண்டாம்.

எந்த மாதம் போனால் நல்லது? மகன் ஆனியிலை வரச்சொல்லுறான், மருமகள் ஆவணி எண்டுறா.
— வாசகி, நல்லூர்

மருமகள் சொல்வதைக் கேளுங்கள்.

வைகாசி நடுப்பகுதியிலிருந்து ஆனி முடியும்வரை கறுப்பு ஈயின் ராச்சியம். எங்கள் இலையானில் கால்வாசியும் இராது, கூன்முதுகு. நுளம்பு தேங்கின தண்ணியில் பெருகும். இது ஓடுகிற தண்ணியில் பெருகும், ஆகவே சிரட்டையைக் கவிழ்த்து வைத்து ஒழிக்கிற கதை இங்கே எடுபடாது. நுளம்பு ஊசி குத்தும், இது தோலை அறுத்து வழிகிற இரத்தத்தை நக்கும். கடிக்கும்போது தெரியாது, காதுக்குப் பின்னால், தலைமயிர் ஓரத்தில், சேட்டுக் கையின் விளிம்பில் இரத்தம் பிசுபிசுக்கும்போதுதான் தெரியும். பிறகு ஒரு கிழமை சொறிச்சல். பகலில்தான் கடிக்கும், இருட்டினால் அடங்கும். அந்த நேரத்துக்கு நுளம்பு வேலைக்கு வந்துவிடும். ஆனி, ஆடி நுளம்புக்காலம்.

கறுப்பு, கடும் நீல உடுப்பு இந்த ஈயைக் கூப்பிட்டுக் கொடுக்கும். வெளிர்நிற நீளக்கைச் சேட்டு, நீளக் காற்சட்டை, அதன் காலைச் சொக்ஸுக்குள் செருகிக்கொள்வது, தலைக்கு வலை. பூசுவதற்கு டீற் என்ற பூச்சிவிரட்டி என்றால் பெரியவர்களுக்கு 30 வீதம்வரை, இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டுவரை 10 வீதம்வரை. பேரப்பிள்ளை அதிலும் சின்னதென்றால், ஆறு மாதம் கழிந்திருந்தால் 20 வீத இக்காரிடின் என்ற மற்ற விரட்டி. டீற் பிளாஸ்ரிக்கை இளக்கும். பூசின கையோடு மூக்குக்கண்ணாடியைத் தொட்டால் பிரேமில் உங்கள் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஆடிக் கடைசியில் காட்டு நீல பெரி பழுக்கும். ஆவணி நடுப்பகுதிக்குப் பிறகு பூச்சி குறையும், தண்ணீரும் அந்த ஆண்டில் சூடாகக்கூடிய அளவுக்குச் சூடாகியிருக்கும். மகன் ஆனியைச் சொன்னதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது: ஒன்பதேகால் தாண்டித்தான் சூரியன் மறையும். பிள்ளைகளைப் படுக்கவைக்க யன்னலுக்குக் கறுப்புத் துணி தேவைப்படுகிற காலம் அது.

நான் கடற்கரையிலை பிறந்து வளர்ந்தவன். ஏரி மீன் எங்களுக்குச் சரிவருமோ? தூண்டில் போட அனுமதி வேணுமாமே, 65 தாண்டின ஆளுக்குமோ?
— வாசகர், பருத்தித்துறை

அறுபத்தைந்து தாண்டியவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அது கனடாவில் வதிபவர்களுக்கு. விசிற்றர் விசாவில் போகும் உங்களுக்கு எந்த வயதிலும் வெளிநாட்டார் அனுமதிப்பத்திரம் வேண்டும். மருமகனுடைய பத்திரத்தில் நீங்கள் தூண்டில் போட முடியாது. மீனுக்கு மீன் காலமும் எண்ணிக்கையும் வேறு. பல வலயங்களில் பிக்கரெல் என்ற மீனுக்கு வைகாசி மூன்றாம் சனிக்கிழமைதான் காலம் திறக்கும். அதற்கு முதல்நாள் அகப்பட்டாலும் திரும்ப விடவேண்டும்.

பிக்கரெலுக்கு வெள்ளைச் சதை, முள் குறைவு, மணம் மெல்லியது. பொரியலுக்கும் சொதிக்கும் நல்லது. குழம்புக்கு எங்கள் தூளை வழமைபோலப் போட்டால் தூள்தான் ருசிக்கும். பாதியாகக் குறைத்துப் பழப்புளியையும் குறையுங்கள். பைக் என்ற நீள மூஞ்சி மீனில் கவர்விட்ட முள் வரிசை ஒன்று சதைக்குள் ஓடும். அதைத் துண்டமாக்கிக் குழம்பு வைத்துவிட்டுப் பேரப்பிள்ளைக்கு ஊட்டவேண்டாம். அவித்து, முள் எடுத்து, கட்லட்டுக்குப் பிசையுங்கள். இன்னொன்று: பெரிய மீனைக் கண்டு மயங்காதீர்கள். மற்ற மீனைத் தின்று வளரும் மீன்களில் வயது ஏற ஏறப் பாதரசமும் ஏறும். வீட்டில் கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் இருந்தால் நடுத்தர மீனே சட்டிக்கு நல்லது.

வெட்டின செதிள், குடல், தலை இவற்றைப் படிக்கட்டில் வைத்துக் கழுவி விட்டுவிடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அங்கே அதை மணந்துகொண்டு வருவது பூனையல்ல, கறுப்புக் கரடி. கரடிக்கு மூக்குத்தான் கண். ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டுப் பொட்டலத்தை வெளிவிறாந்தையில் வைப்பதும், பார்பிகியூ அடுப்பின் கொழுப்புத் தட்டைக் கழுவாமல் விடுவதும், குப்பைப் பையை இரவில் வாசலில் வைப்பதும் ஒன்றுதான். ஒருமுறை சாப்பாடு கிடைத்த வளவுக்கு அது திரும்ப வரும். (கருவாடு உட்பட எந்தச் சாப்பாட்டுச் சாமானையும் கனடா விமான நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிக் காட்டவேண்டும். மறைத்தால் தண்டம்.)

ஆறு மாதத்துக்குப் பூட்டிப்போட்டு வாறதுக்கு ஏன் இரண்டு நாள் வேலை? பைப்பைப் பூட்டி மெயினை நிப்பாட்டினால் காணாதோ? மகன் கழிவுக் குழாய்க்குள்ளை ஏதோ றோஸ் நிற மருந்து ஊத்துறான்.
— வாசகர், அச்சுவேலி

பைப்பைப் பூட்டுவதுதான் செய்யக்கூடாத முதலாவது காரியம்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். குழாயின் நடுவில் ஓரிடத்தில் ஐஸ் அடைத்து வளரும்போது, அந்த அடைப்புக்கும் பூட்டிய பைப்புக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெரிபடும். குழாய் பிளப்பது பெரும்பாலும் அந்த இடத்தில், ஐஸ் பிடிக்காத பகுதியில். பைப் திறந்திருந்தால் நெரிபடுகிற தண்ணீருக்கு ஒரு வாசல் உண்டு. பிளந்தது மாரி முழுவதும் தெரியவராது. ஐஸே அடைப்பாக நிற்கும். வைகாசியில் பம்பைப் போட்டபிறகுதான் சுவருக்குள் மழை பெய்யும். சட்பரிப் பக்கம் சில இரவுகளில் சைபருக்குக் கீழே 30 பாகை போகும். கரண்ட் ஹீற்றரைப் போட்டுவிட்டு வரலாம் என்பதும் நம்பிக்கையில்லை, ஒரு புயலில் கம்பி அறுந்தால் அவ்வளவுதான்.

ஆகவே ஒரு துளியும் விடாமல் வடிக்கவேண்டும், ஒழுங்கு மாறாமல். முதலில் சுடுதண்ணித் தாங்கியின் பிரேக்கரை விழுத்துங்கள். அன்றைய குளிப்பெல்லாம் முடிந்தபிறகு, தாங்கி ஆறட்டும். பிறகு பம்பை நிறுத்தி, வீட்டில் உள்ள எல்லாப் பைப்பையும் திறந்து அப்படியே விடுங்கள், சுடுதண்ணி, குளிர்தண்ணி, சவர், வெளிப்பைப் எல்லாம். தாங்கியின் அடிப்பைப்பில் தோட்டக் குழாயைப் பூட்டி வெளியே விடுங்கள். 40 கலன் தாங்கி வடிய அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் எடுக்கும். மேலே சுடுதண்ணிப் பைப் திறந்திராவிட்டால் காற்றுப் போகாது, வடிவது பாதியில் நிற்கும். எல்லாம் வடிந்துவிட்டதென்று ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். சந்தேகமென்றால் தாங்கியைத் தட்டிப் பாருங்கள், வெறும் பீப்பாச் சத்தம் வரவேண்டும்.

அடுத்தது அழுத்தத் தாங்கி. அடுத்தது பம்ப்: அடியில் ஒரு பிளக், சில வகையில் பக்கத்திலும் ஒன்று. இரண்டையும் கழற்றுங்கள். பம்பின் வயிற்றில் மிஞ்சும் ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீர் வார்ப்பிரும்பைப் பிளக்கப் போதும். ஏரியில் கிடக்கும் குழாயை இழுத்துக் கரையில் போட்டு, உயர்ந்த நுனியிலிருந்து வடிய விடுங்கள். கக்கூசின் மேல்தொட்டியைப் பறித்து, மிச்சத்தை ஸ்பொஞ்சால் ஒற்றி எடுங்கள். சவரின் கைக்குழாயைத் தொங்கவிடாமல் கீழே இறக்கி வையுங்கள், அதன் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும். தரைக்குக் கீழே குழாய் எங்கேனும் தொய்ந்திருந்தால் அது தானாக வடியாது. காற்றமுக்கியால் ஊதவேண்டும், 50 பி.எஸ்.ஐ.க்கு மேற்போகாமல்.

இனி அந்த றோஸ் நிற மருந்து. ஒவ்வொரு கழிவுக் குழாயிலும் ஒரு வளைவு உண்டு. கழிவுக் கிடங்கின் மணம் வீட்டுக்குள் வராமல் தடுக்க அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். வடிக்க முடியாத அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் நிற்கத்தான் இந்த மருந்து, புரோப்பிலீன் கிளைக்கோல். கை கழுவும் தொட்டிக்கும் குசினித் தொட்டிக்கும் அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர், சவருக்கும் அப்படியே, கக்கூஸ் கோப்பைக்கு இரண்டு லீற்றர். கோப்பைத் தண்ணியை முதலில் கோலி எடுத்துவிட்டு ஊற்றுங்கள். கலந்து ஐதானால் மருந்தின் வலு போய்விடும். உடுப்புத் தோய்க்கிற மெசினை மறந்துவிடுவார்கள், அதன் அடியிலும் தண்ணீர் இருக்கும். போத்தலில் சைபருக்குக் கீழே 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு நெடுமுன்னரே அது அரைத்த ஐஸ்போலக் குழையும். குழைந்தால் பயமில்லை, கட்டியாகாது. காருக்கு விடும் மருந்தை மட்டும் மலிவென்று வாங்கிவிடாதீர்கள். அது எதிலீன் கிளைக்கோல், நஞ்சு. கழிவுக் கிடங்கால் ஏரிக்குத்தான் போகும்.

இறங்குதுறையும் அன்றே. மிதக்கிற வகையென்றால் துண்டு துண்டாகக் கழற்றிக் கரையேற்றவேண்டும். ஐஸ் தகடு சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கிக் கரையைத் தள்ளும். சித்திரையில் காற்றடித்தால் ஏரியளவு ஐஸ் அப்படியே நகர்ந்து வரும். அதன் வழியில் நிற்கிற மரக்கால் எதுவும் நெருப்புக்குச்சிதான். நாலு பேர் வேண்டிய வேலை, மாமாக்களை ஐப்பசியில் அழைப்பதன் இரகசியம் இதுவும்.

மிஞ்சின சாமானை அங்கேயே வைச்சிட்டு வரலாமோ? எலி கிலி?
— வாசகி, மானிப்பாய்

எலி நிச்சயம். ஆறு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் சுண்டெலி உள்ளே வரும். குழாய், கரண்ட் கம்பி நுழையும் ஓட்டைகளை இரும்புத் தும்பால் அடையுங்கள். அரிசி, பருப்பு, மா எதுவானாலும் தகர டின்னில் அல்லது கண்ணாடிப் போத்தலில், பிளாஸ்ரிக்கை அரிக்கும். ஆனால் தண்ணிச்சத்துள்ள எதையும் விடக்கூடாது. தேங்காய்ப்பால் டின், சோடா, சோஸ், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணி, ஷம்பு எல்லாம் உறைந்து வெடிக்கும். தேங்காயெண்ணெய் கல்லாகும், கெடாது. பிரிட்ஜைக் கழற்றிக் கதவில் ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்தபடி விடுங்கள், இல்லாவிட்டால் வைகாசியில் பூஞ்சணம்.

திறக்கிற அன்று எலிப்பீக்கையைக் கண்டவுடன் தும்புத்தடியை எடுக்கவேண்டாம். கூட்டினால் தூசு எழும்பும், அதில் அரிதாக நுரையீரலைத் தாக்கும் ஹன்ரா வைரஸ் இருக்கலாம். யன்னல்களை அரைமணித்தியாலம் திறந்துவிட்டு, ஒரு பங்கு குளோறின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் தாளால் ஒற்றி எடுங்கள்.

அங்கை விறகு ‘கோர்ட்’ கணக்கிலை விக்கிறாங்களாம். அதென்ன கணக்கு? ஈர விறகை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
— வாசகர், சுன்னாகம்

எங்களுக்கு அந்தர், நிறை. அங்கே அடுக்கின கனவளவு. முழுக் கோர்ட் என்பது நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம், 128 கனவடி. ‘ஃபேஸ் கோர்ட்’ என்றால் அதே உயரம், அதே நீளம், ஆனால் ஒரு விறகின் நீளமே அகலம். 16 அங்குல விறகென்றால் முழுதில் மூன்றிலொன்று. விலையைக் கேட்குமுன் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள்.

காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் நட்சத்திரம்போல வெடிப்பு ஓடும். இரண்டைத் தட்டினால் ‘கிண்’ என்று வரும், ஈரமென்றால் ‘தொப்’. ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வேண்டும். பிளந்து அடுக்கி, மேலே மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். பற்றவைக்கப் பன்னாடைக்கும் ஊமலுக்கும் பதிலாக அங்கே பேர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை, நனைந்திருந்தாலும் பிடிக்கும். ஈர விறகைப் புகையப் புகைய எரித்தால் புகைபோக்கிக்குள் தார்போலக் கிரியோசோற் படியும். ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறையாவது கம்பித் தூரிகையால் தேய்க்கவேண்டும். வாரின சாம்பல் மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே, மர விறாந்தையில் அல்ல. உள்ளே இருக்கும் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

ரொறன்ரோவிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டு போகவேண்டாம். ஆஷ் மரத்தை அழிக்கும் பச்சை வண்டு விறகிலேயே பயணம் செய்கிறது. குளிரென்று கரியடுப்பையோ ஜெனரேற்றரையோ உள்ளே கொண்டுவரவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, எச்சரிக்கைக் கருவி இல்லாமல் தெரியவராது.

தை மாதம் ஏரிக்கு மேலாலை நடந்து போவினமாம், உண்மையோ? அப்ப அடியிலை மீன் சாகாதோ?
— வாசகி, வேலணை

உண்மை. மீனும் சாகாது. தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகையில். அதனிலும் குளிர்ந்தது இலேசாகி மேலே வரும், மேலேதான் உறையும், அந்த ஐஸே கீழுள்ளதற்குப் போர்வை. ஆழமான ஏரி அடிவரை உறையாது.

நடப்பதற்குத் தெளிந்த, நீலம்பாரித்த ஐஸ் 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும். பலர் கூடி விளையாட 20, ஸ்நோமொபைல் என்ற பனி வண்டிக்கு 25. பால்போல வெளுத்த ஐஸின் பலம் பாதிதான், ஆகவே அளவை இரட்டியுங்கள். சாம்பல் நிறமென்றால் கால் வைக்கவே வேண்டாம். தடிப்பைத் துளையிட்டு அளக்கவேண்டும், ஓரிடத்தில் அல்ல, போகப்போக. வாய்க்கால் வந்து சேரும் வாய், இரண்டு கரை நெருங்கும் ஒடுக்கம், பீவர் கூட்டின் அயல், இங்கெல்லாம் கீழே தண்ணீர் அசையும், ஐஸ் மெல்லியதாகவே இருக்கும். மேலே ஸ்நோ மூடியிருந்தால் எது எதுவென்று தெரியாது.

விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாரி இழுக்கும். பதறாமல் அதை அடக்குவதே அந்த நிமிடத்து வேலை. கை கால் சொல்வழி கேட்பது அடுத்த பத்து நிமிடம். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும், ஆகவே காலம் உண்டு. வந்த பக்கமே திரும்புங்கள், உங்களைத் தாங்கினது அந்த ஐஸ்தான். முழங்கைகளை அதன்மேல் வைத்து, கால்களை நீந்துவதுபோல உதைத்து உடம்பைக் கிடையாக்கி வழுக்கி ஏறுங்கள். ஏறினபின் எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள். கரையில் நிற்பவர் ஓடிப்போய்க் கை கொடுக்கக்கூடாது, இருவரும் உள்ளே போவீர்கள். படுத்தபடி கயிறோ நீளத் தடியோ நீட்டவேண்டும். ஐஸில் குத்திப் பிடித்து ஏறுவதற்குக் கழுத்தில் தொங்கவிடும் இரண்டு ஐஸ் ஊசிகள் பெரிய விலையில்லை. பேரன் ஐஸில் மீன்பிடிக்கக் கூப்பிட்டால், அது உங்கள் கழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.